கறுப்புச் சட்டத்துக்குள் ஒரு வானியலாளர்

எண்பதுகளின் நடுப்பகுதியில், சுவிஸ் நாட்டின் ஃப்ரிபூர்க் நகரத்தில் இருந்துகொண்டு, சோவியத் நாட்டில் நல்ல சுகத்தோடு இருந்த ஒரு வானியலாளரை நான் சாகடித்தேன். கத்தி கித்தி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, ஒரு கறுப்பு மைப் பேனா போதுமாயிருந்தது. இதைச் சொன்னால் இப்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பேனா என் கைக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசிலில் மொஸ்கோவுக்குப் போய் மூன்று வருடம் பௌதிகவியல் படித்தவன் நான். நாலாம் வருடத் தொடக்கத்தில் அப்பாவுக்குக் கடும் வருத்தம் என்று தந்தி வந்தது. ஊருக்குப் போனேன். போனவன் திரும்பிப் படிக்கப் போகவில்லை. அதற்குப் பிறகு நாட்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். விழுந்தெழும்பி எண்பத்துநாலில் சுவிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, காலையில் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை அதே குசினியில்தான் வேலை செய்தார். அவர் வந்ததும் கட்டிலில் விழுந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். எனக்கு அது ஏலாது. முகட்டைப் பார்த்தால் எனக்கு விசர் பிடிக்கும்.

நகர நூலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒரு சின்னக் கடதாசி ஒட்டியிருந்தது. ரஷ்ய மொழி வாசிக்கத் தெரிந்த ஒருவர் தேவை, பௌதிகவியலும் தெரிந்தால் நல்லது. அந்த ஊரில் இரண்டும் தெரிந்த ஆள் என்னைத் தவிர வேறு யார்? அப்படித்தான், சோவியத் விஞ்ஞானிகளைப் பற்றிய தகவல் திரட்டும் ஒரு சின்னக் கந்தோரை நடத்திய மதாமிடம் போய்ச் சேர்ந்தேன். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒல்லியான மனுசி. அவருடைய தகப்பன் ரஷ்யாவுக்குப் பாலாடைக்கட்டி செய்யப் போன சுவிஸ்காரர். புரட்சிக்குப் பிறகு குடும்பத்தோடு திரும்பி வந்திருந்தார். அதனால் மதாமுக்கு ரஷ்ய மொழி பாலோடு வந்தது. எனக்கு வேலை அனுமதி எடுப்பதற்காக மாதக்கணக்கில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். அகதிக்குக் குசினி வேலைதான் பொருத்தம் என்று சொன்ன ஒரு அதிகாரியை அவர் பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

வேலை இதுதான். மொஸ்கோவிலிருந்தும் லெனின்கிராட்டிலிருந்தும் வரும் பத்திரிகைகளையும் விஞ்ஞான சஞ்சிகைகளையும் வரி விடாமல் வாசிக்கவேண்டும். எந்த விஞ்ஞானியின் பெயர் கண்ணில் பட்டாலும் அவருக்கு ஒரு அட்டை. பிறந்த ஆண்டு, படித்த இடம், எந்த ஆராய்ச்சி நிலையம், விஞ்ஞானக் கழகத்தில் எப்போது துணை உறுப்பினரானார், எப்போது முழு உறுப்பினரானார், யாருடைய கதிரையில் இயக்குநராக உட்கார்ந்தார், எல்லாம் அதில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அட்டைகளைத் தொகுத்து மதாம் ஒரு தடித்த கைநூல் அச்சடிப்பார். பௌதிகவியல் மாநாடு, வானியல் மாநாடு நடத்துகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் சோவியத் பக்கம் யாருக்கு அழைப்பு அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். கைநூலில் பெயர் இல்லாவிட்டால் அழைப்பு இல்லை. அழைப்பு இல்லாவிட்டால் அங்கே வெளிநாடு போவதைப் பற்றி வாயே திறக்க முடியாது.

சோவியத் பத்திரிகைகள் எதையும் நேராகச் சொல்லாது. ஆனால் வாசிக்கத் தெரிந்தவனிடம் ஒன்றையும் ஒளிக்காது. ஒரு பௌதிகவியலாளரின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் படத்தோடு அரைப்பக்கம் வந்தால் ஆள் செல்வாக்கோடு இருக்கிறார். நாலு வரி என்றால் யாரோடோ கொளுவல். ஒருவர் இறந்தால் இரங்கல் குறிப்பின் அடியில் பெரிய தலைகள் வரிசையாகக் கையெழுத்து வைத்திருக்கும். அந்த வரிசையில் போனமுறை ஒன்பதாவதாக நின்றவர் இந்தமுறை நாலாவதாக வந்தால், அடுத்த இயக்குநர் அவர்தான். இளம் வயதில் வருடத்துக்கு ஐந்து கட்டுரை எழுதிய கெட்டிக்காரன் ஒருவன் திடீரென்று வாயை மூடிவிட்டால், தபால் பெட்டி இலக்கத்தைத் தவிர வேறு பெயரில்லாத ஒரு இரகசிய நிலையத்துக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். பத்து வருடம் கழித்து, எதற்கென்றே சொல்லப்படாத ஒரு தங்க நட்சத்திரத்தை மார்பில் குத்திக்கொண்டு வெளியே வருவான். மதாமுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

எனக்கும் அப்படியொன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. கலியாண அழைப்பிதழில் யாருடைய பெயர் முதலில் போட்டிருக்கிறது, யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்த்தே ஒரு குடும்பத்தின் முழுச் சண்டையையும் சொல்லிவிடுகிற சனங்களுக்குள்ளே வளர்ந்தவன் நான். ஒரு மாதத்தில் வேலை பிடிபட்டுவிட்டது. கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. அதுதான் வினை.

ஒருநாள் தபாலில் ஒரு வானியல் மாநாட்டின் பங்குபற்றுநர் பட்டியல் வந்தது. யாரோ நூலகத்தில் எடுத்து அனுப்பிய நிழற்பிரதி. அதில் இருபது முப்பது பேருக்கு நடுவில் ஒரு பெயரைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் போட்டிருந்தது. தெற்கே, மலைமேல் இருக்கிற ஒரு வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த பெண். அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தாறு வயது. ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரங்களை இருபத்தைந்து வருடமாக ஒரே மலையிலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தவர். கழகத்தில் உறுப்பினர் இல்லை, பரிசு ஒன்றும் இல்லை. கடைசி மூன்று வருடமாக அவருடைய பெயரில் ஒரு கட்டுரைகூட வரவில்லை.

கறுப்புச் சட்டத்தைக் கண்டால் யாழ்ப்பாணத்தான் என்ன நினைப்பான்? விடிந்ததும் பத்திரிகையை மரண அறிவித்தல் பக்கத்தில் விரித்துச் சட்டம் சட்டமாகப் படித்துவிட்டுத்தானே எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பார்கள்! சந்திக்குச் சந்தி மதிலில் ஒட்டியிருப்பதும் அதே சட்டம்தான். போதாக்குறைக்கு, கட்டுரை அச்சாகும் முன்பு இறந்துபோன ஆசிரியரின் பெயரைச் சட்டத்துக்குள் போடுகிற வழக்கம் ரஷ்யச் சஞ்சிகைகளிலும் உண்டு. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒருவரை இறந்தவர் என்று போட இரண்டு சாட்சி வேண்டும் என்பது மதாமின் சட்டம். கறுப்புச் சட்டம் ஒன்று, மூன்று வருட மௌனம் இன்னொன்று என்று வாதாடினேன். மதாம் தலையாட்டினார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி கீறினேன். கைநூல் அப்படியே அச்சாகி உலகம் முழுக்கப் போனது.

அடுத்த கோடையில் ஜெனீவாவில் ஒரு பெரிய வானியல் மாநாடு நடக்க இருந்தது. அதை நடத்துகிறவர்கள் கைநூலைப் பார்த்து அவருடைய பெயரை அழைப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அஞ்சலிப் பட்டியலில் சேர்த்துச் சுற்றறிக்கை அனுப்பினார்கள். அதை வாசித்தபோது, பாவம் மனுசி என்று நானும் உச்சுக்கொட்டினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டவேண்டும் போலிருக்கிறது.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பௌதிகவியல் ஆய்வுகூடம் இருந்தது. அங்கே கூட்டு வேலைக்காக வரும் சோவியத் பௌதிகவியலாளர்கள் சிலர் சனி ஞாயிறுகளில் ஃப்ரிபூர்க் தேவாலயத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு எங்கள் கந்தோருக்கு வருவார்கள். தேவாலயத்தில் ஐந்து நிமிடம், எங்களிடம் மூன்று மணித்தியாலம். எல்லாரும் ஒரே மாதிரிதான். முதலில் தங்கள் அட்டையைக் கேட்பார்கள். பிறகு தங்களுக்கு வேண்டாதவனின் அட்டையைக் கேட்பார்கள். அவனுக்குத் தங்களைவிட அரை வரி கூடவாக இருந்தால் முகம் சுருங்கிவிடும். எவ்வளவு பெரிய மூளைக்காரர்கள் ஆனாலும் இந்த விஷயத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான்.

அந்த ஏப்ரலில் வந்தவர் பெரிய வயிறும் நரைத்த புருவமும் உள்ள ஒரு கழக உறுப்பினர். வழக்கம்போலத் தன் அட்டையைப் பார்த்தார், வேண்டாதவனின் அட்டையைப் பார்த்தார். பிறகு கைநூலைச் சும்மா புரட்டிக்கொண்டு வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

“இந்தச் சிலுவை எப்போது?” என்று கேட்டார்.

“போன வருடம்,” என்றேன்.

“பெப்ரவரியில் நான் இவரோடு பீட்ரூட் சூப் குடித்தேன்.”

மதாமின் கையிலிருந்த பென்சில் விழுந்து உருண்டது. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. ஐயோ, உயிரோடிருக்கிற மனுசியை!

ஓடிப்போய் அந்த நிழற்பிரதியை எடுத்துக் காட்டினேன். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். “சட்டம் போட்ட பெயர் என்றால், கட்டுரையை அனுப்பிவிட்டு ஆள் வராதவர். அடுத்த பக்கத்தில் விளக்கம் இருக்கும். உங்களுக்கு அனுப்பியவர் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுக்கவில்லை. இவருக்கு இவருடைய இயக்குநர் பக்கத்து ஊருக்குப் போகக்கூட லீவு கொடுக்கமாட்டார். படங்களை இவர் எடுப்பார், கட்டுரையில் இயக்குநரின் பெயர் வரும், அடியில் இவருக்கு ஒரு நன்றி.” பிறகு மேசையில் கையை ஓங்கி அடித்தார். “அப்போ நீங்கள்தானா! நீங்கள்தானா அது!”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனுசன் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சில மாதமாக அந்த மலை நிலையத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் அனுதாபக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தனவாம். உங்கள் பேரிழப்பில் பங்குகொள்கிறோம், அவருடைய படங்கள் இல்லாமல் எங்கள் வேலையே நடந்திருக்காது என்று. இயக்குநர் எல்லாருக்கும் பதில் எழுதினாராம், அம்மையார் சுகமாக இருக்கிறார் என்று.

“யார் நம்புவார்கள்?” என்றார் பௌதிகவியலாளர். “எங்கள் நாட்டில் ஒருவர் சுகமாக இருக்கிறார் என்று அறிக்கை வந்தாலே வெளிநாட்டுக்காரர்கள் துக்க உடுப்பை எடுத்து வைத்துவிடுகிறார்கள். இப்போது கடிதங்கள் இன்னும் கூடிவிட்டன. மேலிடம் கேட்கிறதாம், யார் இந்த மனுசி, இவருக்காக உலகம் ஏன் அழுகிறது என்று.”

நான் எழும்பிவிட்டேன். “இன்றைக்கே திருத்த அறிவித்தல் அனுப்புவோம். எல்லா நூலகத்துக்கும். ஜெனீவாவுக்கு இப்போதே தொலைபேசி எடுக்கிறேன்.”

“இரும் தம்பி,” என்றார். ரஷ்ய மொழியில் அவர் சொன்ன சொல்லுக்கு வேறு தமிழ் எனக்குத் தெரியவில்லை. “திருத்தினால் என்ன நடக்கும்? எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறந்துபோவார்கள். அவர் மலையிலேயே கிடப்பார். திருத்தாவிட்டால், அவர் உயிரோடிருப்பதைக் காட்ட அவரைக் கொண்டுவந்து காட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. கோடை வரைக்கும் பொறுங்கள்.”

“பிழையாகப் போனால்? அவருக்குத் தண்டனை கொடுத்தால்? உங்களுக்கு இது விளையாட்டு, சாகடித்தவன் நான்!” என்று கத்தினேன். ஒரு கழக உறுப்பினரிடம் ஒரு கோப்பை கழுவுகிறவன் கத்தியதை மதாம் தடுக்கவில்லை.

அவர் போன பிறகு மதாம் அந்த அட்டையை எடுத்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார். தெரிந்துகொண்டு ஒரு பொய்யை அட்டையில் வைத்திருப்பது அவருக்கு உடம்பில் முள் ஏறினது மாதிரி. அதே நேரம் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிற ஒரேயொரு வழியை அடைக்கவும் மனமில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“மிஸ்யே, எங்கள் சட்டம் என்ன? ஒரு தகவலை மாற்றச் சாட்சி வேண்டும். பெப்ரவரியில் குடித்த சூப் எழுத்துமூலச் சாட்சி ஆகாது. சுவிசில் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் இருந்தால் என்ன செய்வார்கள்? வருடாவருடம் உயிர்ச்சான்றிதழ் அனுப்புவார்கள். நாங்களும் கேட்போம்.”

கேட்டோம். அந்த நிலையத்தின் இயக்குநருக்கு மதாம் மிகவும் மரியாதையான ரஷ்ய மொழியில் எழுதினார். எங்கள் கைநூலைத் திருத்தத் தயாராக இருக்கிறோம், குறித்த வானியலாளரின் உயிர்ச்சான்றிதழைத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். மூன்று முத்திரை குத்திய கடிதம் வந்தது. ஒரு நிறுவனம் தன் ஊழியரைப் பற்றித் தானே கொடுக்கும் சான்று போதாது என்று மதாம் எழுதினார். படம் வந்தது. படத்தில் திகதி இல்லை என்று எழுதினார். அடுத்த படத்தில் அம்மையார் அன்றைய பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். அந்த முகத்தை அப்போதுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். மதாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “பத்திரிகை உயிரோடிருப்பது நிரூபணமாகிறது,” என்றார். கடைசியாக எழுதினார்: சுவிஸ் வழக்கப்படி, சம்பந்தப்பட்டவர் நேரில் தோன்றிக் கையெழுத்திடுவதே சிறந்தது, ஜெனீவா மாநாடு நல்ல சந்தர்ப்பமாக இருக்கும்.

அறையில் அண்ணையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

“டேய், உயிரோட இருக்கிற மனுசியைச் செத்துப்போச்செண்டு எழுதிப்போட்டியோ?”

“ஓம் அண்ணை.”

“இப்ப உயிரோட இருக்கிறா எண்டு தெரிஞ்சும் பேசாமல் இருக்கிறியளோ?”

“ஓம்.”

“நல்ல கந்தோரடா அது! நாளைக்கு என்னையும் சாகடிச்சு எங்கையாவது அனுப்பிவிடு, புண்ணியமாப் போகும்.” பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “சரி சரி, யோசியாதை. பொய்ச்சாவு கேள்விப்பட்டா ஆயுசு கூடுமெண்டு சொல்லுவினம். அவ வருவா, பார்.”

அந்த ஜூலை மாதத்தில்தான் என் அகதி விசாரணையும் வந்தது. ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்பதற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி கேட்டுக்கொண்டேயிருந்தார். இவ்வளவு காலமும் ஒருத்தர் உயிரோடிருப்பதற்கு ஆதாரம் கேட்டுக் கடிதம் எழுதியவன், இப்போது நான் சாவேன் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் முழுசிக்கொண்டு இருந்தேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதிகாரி நான் நக்கல் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார்.

மாநாட்டுக்கு மூன்று கிழமை இருக்கும்போது சோவியத் குழுவின் பெயர்ப்பட்டியல் வந்தது. முதல் பெயர் அந்த மலை நிலையத்தின் இயக்குநர். அம்மையாரின் பெயர் இல்லவே இல்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “நாங்கள் பகிடி விட்டோம், அங்கே அவரைப் பிழிந்திருப்பார்கள். படத்தைப் பார்த்து நக்கல் அடித்தீர்களே, இப்போது என்ன?” என்று மதாமிடம் கொதித்தேன். அவர் திருத்த அறிவித்தலைத் தட்டச்சு இயந்திரத்தில் அடிக்கத் தொடங்கினார். இரண்டு தரம் பிழையாக அடித்துத் தாளை உருவி எறிந்தார். பிழையே விடாத அந்த விரல்கள் பிழை விடுவதைக் கண்டதும் என் கோபம் எங்கேயோ போய்விட்டது. போய்த் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அறிவித்தலை அன்றைக்கு அனுப்பவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு பேருமே தள்ளினோம்.

மாநாடு தொடங்குவதற்கு முதல்நாள் தொலைபேசி அடித்தது. பௌதிகவியலாளர்தான், ஜெனீவா விமான நிலையத்திலிருந்து. குரல் கிழியக் கத்தினார். கடைசிக் கிழமையில் மேலிடம் இயக்குநரின் பெயரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் அம்மையாரின் பெயரைப் போட்டதாம். உலகம் யாருக்காக அழுகிறதோ அவரையே அனுப்பு, தொல்லை முடியட்டும் என்று யாரோ சொன்னார்களாம். “சாமானோடு நிற்கிறார், சூட்கேஸ் முழுக்கக் கண்ணாடித் தட்டில் எடுத்த நட்சத்திரப் படங்கள், மாற்று உடுப்பு ஒன்றுதான்,” என்றார். நான் தொலைபேசியை மதாமிடம் கொடுத்துவிட்டுக் யன்னல் குந்தில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விம்மி விம்மி அழுதேன்.

மாநாட்டுக்கு நான் போகவில்லை, என்னை யார் விடப்போகிறார்கள்? கேள்விப்பட்டதுதான். அம்மையார் மேடைக்கு நடந்தபோது மண்டபம் முழுக்க எழும்பி நின்றதாம். இறந்தவர்களுக்கு நிற்பதுபோல் அமைதியாக நிற்கத் தொடங்கி, பிறகு கைதட்டல் பொத்துக்கொண்டு வந்ததாம். அவர் தன் பேச்சைத் தொடங்கக் கனநேரம் பிடித்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஃப்ரிபூர்க் வந்தார்கள். சோவியத் ஆட்கள் தனியே எங்கும் போகக்கூடாது, அதனால் அம்மையாருக்குக் காவல் என்று பௌதிகவியலாளரைப் போட்டிருந்தார்கள். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளமான மனுசி. மலை வெயிலில் கறுத்த முகம். மதாம் தன் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து, சிரிக்காமல் கடவுச்சீட்டைக் கேட்டார். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கடதாசியை நீட்டினார்: கீழே கையெழுத்திடும் நான் உயிரோடிருக்கிறேன். அம்மையார் பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்துவிட்டு, “இதைவிடச் சுலபமான படிவத்தை என் சீவியத்தில் நிரப்பியதில்லை,” என்றார். மதாம் எழும்பிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

பிறகு என்னைக் காட்டி, இவர்தான் என்றார்கள். எத்தனையோ நாள் ரஷ்ய மொழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன். அம்மையார் என் கையைப் பிடித்தார்.

“முப்பது வருடம் வேலை செய்தேன். என் வேலை நல்லது என்று ஒருவரும் சொன்னதில்லை. போன மாரிகாலம் முழுக்க உட்கார்ந்து என் அனுதாபக் கடிதங்களை வாசித்தேன். எல்லாருக்கும் ஒருமுறை இப்படிச் செய்துவிடுங்கள்,” என்றார்.

பின்னேரம் ரயிலுக்கு முன்பு அவர்களை ஆற்றங்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஃப்ரிபூர்க்கில் மேல் நகரத்துக்கும் கீழ் நகரத்துக்கும் நடுவே மலைச்சரிவில் ஒரு கயிற்றுத் தொடருந்து ஓடுகிறது. மேல் நகரத்தின் கழிவுநீரைத் தொட்டியில் நிரப்பி, அந்தப் பாரத்தில் ஒரு பெட்டி இறங்க மற்றப் பெட்டி ஏறும். பௌதிகவியலாளருக்கு இதைக் கேட்டதும் கண் விரிந்துவிட்டது. தொட்டியைப் பார்க்கவேண்டும் என்று மேலே போனார். இறங்கி வந்தார். மற்றப் பெட்டியையும் பார்க்கவேண்டும் என்று திரும்பவும் ஏறினார். மூன்றாம் தரமும் எங்களைப் பார்க்காமலே பெட்டிக்குள் ஏறியபோதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குத் தொட்டியில் அவ்வளவு அக்கறை இல்லை. காவலுக்கு வந்த மனுசன் அம்மையாரைத் தனியே விட்டுப் போகிறார், வேண்டுமென்றே போகிறார்.

இந்த நாட்டில் எனக்கு நன்றாகத் தெரிந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அவசரம் அவசரமாகச் சொன்னேன்.

“அம்மா, நீங்கள் விரும்பினால் இங்கேயே நிற்கலாம். எந்தக் கந்தோர், எந்தக் கதவு, என்ன சொல்லவேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். நாளைக் காலையில் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். உங்களுக்குக் கட்டாயம் தஞ்சம் தருவார்கள். எனக்குத் தராவிட்டாலும் உங்களுக்குத் தருவார்கள். இங்கே தொலைநோக்கி இருக்கிறது, உங்கள் பெயரில் கட்டுரை வரும்.”

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

“எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள்,” என்றார். “அம்மா இறந்தபோது வீட்டைப் பற்றிச் சண்டை பிடித்துப் பதினொரு வருடம் பேச்சில்லை. வெளிநாட்டு வானொலியில் அந்த அஞ்சலிச் சுற்றறிக்கையை வாசித்திருக்கிறார்கள். இரைச்சலுக்குள்ளே அவளுக்கு என் பெயர் மட்டும் கேட்டிருக்கிறது. இரண்டு நாள் ரயிலில் வந்து, பனிக்குள்ளே மலை ஏறி, கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு என் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது நான்.”

“பிறகு?”

“பிறகு என்ன, அரை மணித்தியாலம் என்னைத் திட்டினாள். அதற்குப் பிறகு சூப் வைத்தாள். இன்னும் போகவில்லை, என்னோடுதான் இருக்கிறாள்.” சேலை மாதிரிப் பெரிய தன் கழுத்துத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “நான் இங்கே நின்றுவிட்டால் அவள் ஒருவரையும் நம்பமாட்டாள். நான் திரும்பவும் செத்துப்போனேன் என்றுதான் நினைப்பாள்.”

பெட்டி இறங்கி வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த பௌதிகவியலாளர், தான் விட்டுப்போன இடத்திலேயே அம்மையார் நிற்பதைக் கண்டு திகைத்துப்போனார்.

“எங்கே போகப்போகிறீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வீட்டுக்கு,” என்றார் அம்மையார்.

மொஸ்கோவில் ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கிய முதல் கிழமையிலேயே அந்தச் சொல்லைச் சொல்லித் தந்திருந்தார்கள். அவரைச் சாகடித்த குற்றம் அன்றோடு என்னை விட்டுப் போனது. அவர் மேல் எனக்கு வந்த பொறாமை மட்டும் ரயில் நிலையம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தது.